வாட்டர் ஸ்கூட்டரைக் கரையேற்றிய பிறகு செய்யும் தவறுகள்

வாட்டர் ஸ்கூட்டருக்குப் பெரிய செலவு வைக்கும் பழுதுகள் பல, தண்ணீரில் ஓடும்போது வருவதில்லை. வண்டியைக் கரையேற்றி, டிரெய்லரில் கட்டி, "நாளைக்குக் கழுவிக்கலாம்" என்று விட்டுப்போகிற இரவில்தான் தொடங்குகின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். இன்ஜினுக்குள் தண்ணீர் ஓடுகிற சின்னச் சின்ன வழிகளில் அது படிந்து இறுகிய பிறகு எடுப்பது பெரும்பாடு. எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கழுவுகிற வேலை அன்றைக்கே முடிய வேண்டும்.

முட்டுக்காடு போன்ற இடத்தில் ஓட்டுகிறவர்கள், "நான் கடலுக்கே போகவில்லையே" என்று நினைப்பதுண்டு. முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து போகிற இடம் அது. உவர்நீரில் ஓட்டினாலும் கடலில் ஓட்டிய கணக்குதான். கழுவுகிற தண்ணீரையும் கவனிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிப் பல இடங்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதை இன்ஜினுக்குள் விட்டுக் கழுவினால் கடல் உப்பு போய் நிலத்தடி உப்பு வந்து உட்காரும். நல்ல தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்துக்கொண்டு, சின்ன மோட்டார் போட்டு ஓஸ் வழியாகக் கொடுங்கள்.

இனி, இருப்பதிலேயே விலை அதிகமான தவறு.

வண்டி ஓடும்போது, தண்ணீரைப் பின்பக்கம் பீய்ச்சி வண்டியை நகர்த்தும் ஜெட் பம்ப் வெளித் தண்ணீரில் கொஞ்சத்தை உள்ளே அனுப்புகிறது. யமஹா, கவாசாகி வண்டிகளில் அந்தத் தண்ணீர்தான் இன்ஜினையும் எக்ஸாஸ்டையும் குளிர வைக்கிறது. ஸீ-டூ வண்டிகளில் இன்ஜினுக்குத் தனியாகக் கூலன்ட் உண்டு. "அப்படியென்றால் எனக்கு இந்த வேலையே இல்லை" என்று ஸீ-டூ வைத்திருப்பவர்கள் விட்டுவிடக் கூடாது. அதிலும் எக்ஸாஸ்ட் குளிர்வது வெளித் தண்ணீரில்தான்.

இந்த வழிகளைக் கழுவ, வண்டியில் அதற்கென உள்ள இணைப்பில் ஓஸை மாட்டியதும் பலருக்கும் கை தானாகக் குழாயைத் திறக்கப் போகும். அங்கேதான் நிறுத்த வேண்டும். முதலில் இன்ஜின், பிறகு தண்ணீர். முடிக்கும்போது முதலில் தண்ணீரை மூட வேண்டும், பிறகு இன்ஜினை நிறுத்த வேண்டும். ஓடுகிற இன்ஜினின் புகை, எக்ஸாஸ்டில் வரும் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இன்ஜின் நின்றிருக்கும்போது குழாயைத் திறந்தால் தள்ளிவிட எதுவும் இல்லை. எக்ஸாஸ்ட் பாதையில் உள்ள வாட்டர் பாக்ஸ் என்ற பெட்டி நிரம்பி, தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியே பின்னோக்கி ஏறி, சிலிண்டருக்குள் இறங்கிவிடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மேலேறும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்கும், கனெக்டிங் ராடு வளைந்துபோகக்கூடும். அப்புறம் இன்ஜினைப் பிரிக்காமல் வழியில்லை.

இரண்டு பேர் இருந்தால் சுலபம். ஒருவர் குழாய்ப் பக்கம் நிற்கட்டும். மற்றவர் இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, உடனே குரல் கொடுக்கட்டும். தண்ணீர் இல்லாமல் 15 வினாடிக்கு மேல் ஓடக் கூடாது. தண்ணீர் வெளியேறத் தொடங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு நேரத்தைக் கணக்கிடுங்கள். பல வண்டிகளுக்குச் சுமார் 3 நிமிடம் போதும். அதற்காக நன்றாகக் கழுவட்டும் என்று கால் மணி நேரம் ஓடவிடுவதும் தவறு. ஜெட் பம்புக்குப் போகும் தண்டின் சீலுக்கு இந்த ஓஸ் தண்ணீர் போய்ச் சேராது. அதனால் ஸீ-டூ மாடல்கள் பலவற்றின் கையேடு 2 நிமிடத்தோடு நிறுத்தச் சொல்கிறது. உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ள அளவே கடைசி வார்த்தை. குழாயை மூடியதும் த்ராட்டிலை இரண்டு மூன்று தடவை லேசாக அழுத்தி விடுங்கள். தேங்கிய தண்ணீர் குப் குப்பென்று வெளியே வரும். உடனே நிறுத்திவிடுங்கள்.

வெளியே கழுவும்போது பைக் சர்வீஸ் ஸ்டேஷன் பழக்கத்தில் பிரஷர் கன்னை எடுக்காதீர்கள். சீட்டைக் கழற்றிவிட்டு இன்ஜின் அறைக்குள் அதை அடித்தால், கனெக்டர்களின் ரப்பர் சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விடும். சென்சார் கோளாறு சில வாரம் கழித்துத்தான் தலைகாட்டும், காரணம் யாருக்கும் பிடிபடாது. ஓஸில் மெல்லத் தண்ணீர் விட்டாலே போதும். ஓஸ் கிளாம்புகளின் திருகைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு அங்கே வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தடவிக் கழுவி, துடைத்து, ஈரம் போன பிறகு துரு தடுக்கும் ஸ்பிரே அடியுங்கள். சுடச்சுட இருக்கும் எக்ஸாஸ்ட் மேல் வேண்டாம், ஆறட்டும்.

துணி சோப்புத் தூளும் பாத்திரம் தேய்க்கிற நாரும் பெயின்ட்டின் பளபளப்பைக் கொண்டுபோய்விடும். கார் ஷாம்பு, மெத்தென்ற துணி போதும். டேஷ்போர்டு பாலிஷைச் சீட்டிலும் கால் வைக்கும் பாயிலும் தேய்க்கவே தேய்க்காதீர்கள். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். ஆனால் அடுத்த முறை வேகமாக ஒரு திருப்பம் எடுத்தால் கால் வழுக்கி ஆள் தண்ணீரில் இருப்பார்.

நம் கரைகளில் அதிகம் விட்டுப்போவது அடிப்பக்கம். தண்ணீர் உள்ளிழுக்கும் கம்பித் தடுப்பில் பாலிதீன் பை சிக்கியிருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். நைலான் நரம்பு அப்படியில்லை. அறுந்த வலைத்துண்டின் ஒரே ஒரு இழை ஜெட் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்டு, சுற்றச் சுற்ற இறுகி, பேரிங் சீலை அறுத்துவிடும். கையால் சுழற்றிப் பார்த்தால் இம்பெல்லர் சுலபமாகத்தான் சுழலும். அதை நம்பி விடாமல் டார்ச் அடித்துப் பின்பக்க வாயிலிருந்தும் அடியிலிருந்தும் பாருங்கள். இன்ஜின் இரைகிறது, வண்டி நகர மறுக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான். கை விடுவதற்கு முன் இன்ஜின் நின்றிருக்க வேண்டும், லேன்யார்டு (ஓட்டுகிறவர் தன்னோடு மாட்டிக்கொள்ளும், கழன்றால் இன்ஜினை நிறுத்திவிடும் கயிறு) உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

கழுவிய கையோடு கவரைப் போட்டு மூடிவிடுவது இன்னொரு தவறு. ஈரம் உள்ளேயே தங்கிச் சீட்டில் பூஞ்சை பிடிக்கும், ஒயர் முனைகளில் பச்சை பூக்கும். சீட்டைக் கழற்றிவைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். அடுத்த முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பும் சீட்டைத் திறந்து சற்று நேரம் விடுவது நல்லது, பெட்ரோல் ஆவி தேங்கியிருந்தால் வெளியேறட்டும்.

மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோலைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் இப்போது பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். வாட்டர் ஸ்கூட்டர் தயாரிக்கும் முக்கிய நிறுவனங்கள் பொதுவாக அனுமதிப்பது 10 சதவீதம் வரைதான். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். ஓட்ட வேண்டிய அளவுக்கு மட்டும் நிரப்புங்கள், பழைய பெட்ரோலை டேங்கில் கிடக்க விடாதீர்கள். பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள்.

டிரெய்லருக்கும் ஒரு ஓஸ் தண்ணீர் அவசியம். அதுவும் உப்பில் முங்கி எழுந்ததுதான்.

கடைசியாக, பின்பக்க டிரெய்ன் பிளக். கரையேற்றியதும் திறந்து, டிரெய்லரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, அடியில் தேங்கியதை வடிய விட வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. செய்கிறவர்களில் சிலர் திரும்ப மாட்ட மறந்து வண்டியை இறக்கிவிடுகிறார்கள், பாதி வழியில் பின்பக்கம் தாழத் தொடங்கும். கழன்று வரும் வகைப் பிளக் என்றால் லேன்யார்டோடு சேர்த்து முடிந்து வையுங்கள். லேன்யார்டு இல்லாமல் இன்ஜின் ஓடாது, அதைக் கையில் எடுக்கும்போது பிளக்கும் கூடவே வந்துவிடும்.