வீடு வாங்கும்போது பத்திரத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வீடு வாங்கும்போது தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்து அலசிவிடுகிறோம். வாஸ்துவும் பார்த்தாகிவிடும். ஆனால் வீட்டுக்குள் நின்று பார்ப்பது அரை மணி நேரம்தான். பெயின்ட் புதுசாக இருக்கிறது, டைல்ஸ் பளபளக்கிறது என்று அன்றைக்கே அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது. பிற்பாடு பணம் கரைவது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான்.

"பேங்க்ல லோன் குடுத்துட்டாங்கல்ல, அவங்க பாக்காமயா குடுப்பாங்க" என்பார்கள். வங்கி மதிப்பீட்டாளர் வருவது, கடன் நின்றுபோனால் வீடு எவ்வளவுக்குப் போகும் என்று கணக்குப் போடத்தான். பாத்ரூம் கசிகிறதா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. உங்களுக்காகப் பார்க்க ஒரு சிவில் இன்ஜினியரை நீங்களே கூட்டிப் போங்கள். புரோக்கர் கூட்டிவரும் ஆள் வேண்டாம். அதையும் அட்வான்ஸுக்கு முன்னால் செய்யுங்கள், அப்போதுதான் விலையில் பேச முடியும்.

எந்த மாதத்தில் பார்க்கிறீர்கள் என்பது நம் ஊரில் முக்கியம். அடியில் பாறை, ஆயிரம் அடி தாண்டிய போர்வெல் இங்கே புதிதில்லை. ஐப்பசி மழை முடிந்து காட்டினால் வறண்ட போர்கூட நன்றாக ஊறும். சித்திரையில் பார்க்க முடியாவிட்டால், மோட்டாரை ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டி, தொட்டியில் விழும் தண்ணீர் மெலிகிறதா என்று நின்று பாருங்கள். பக்கத்து வீட்டில் "கோடையில லாரித் தண்ணி வாங்குவீங்களாங்க?" என்று கேட்டால் உண்மை வந்துவிடும்.

கசிவு நேர் எதிர், மழையில்தான் நன்றாகத் தெரியும். வெயில் காலத்தில் பார்க்கிறவர்கள் மாடி பாத்ரூமின் வடிகாலை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, மறுநாள் கீழ்த்தளத்துச் சீலிங்கைப் பாருங்கள். ஒரு சுவருக்கு மட்டும், சீலிங்கில் ஒரு மூலைக்கு மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் அங்கே ஓதம் ஏறியிருக்கலாம்.

விரிசல் எல்லாமே ஆபத்து இல்லை. பூச்சில் முடி போல ஓடுவது சாதாரணம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, வெளிச்சுவரிலும் அதே இடத்தில் தெரிந்தால் அஸ்திவாரத்தைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதற்கேற்ற அஸ்திவாரம் போடாத வீடு வருடா வருடம் வெடிக்கும்.

அப்புறம் வாய்வார்த்தை. "ஏதாச்சும்னா நான் பாத்துக்கறனுங்க" என்பதை வாரண்டியாக எடுத்துக்கொள்கிறோம். சொன்னவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் எழுத்தில் இல்லாததை நாளைக்கு நிரூபிப்பது கடினம். ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும் பிளாட் அல்லது வில்லா என்றால் 2016 சட்டத்தின் 14ஆம் பிரிவு உங்கள் பக்கம்: சாவி வாங்கி 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறையைத் தெரிவித்தால், 30 நாளில் பில்டர் உங்களுக்குச் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். அதனால் சாவி வாங்கிய தேதிக்கான கடிதம், குறையைச் சொன்ன மெயில் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். சொந்த சைட்டில் கான்ட்ராக்டர் கட்டித்தரும் வீட்டுக்கு இந்தப் பிரிவு உதவாது. அங்கே ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதி வாங்குவதுதான் வாரண்டி.

பழைய வீட்டில் கதை வேறு. 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையை, தனக்குத் தெரிந்திருந்தால் விற்பவர் சொல்லியாக வேண்டும். பார்த்தாலே தெரிந்திருக்கும் குறைக்கு அவரைப் பிடிக்க முடியாது. நீங்கள் பார்க்காமல் விட்டது உங்கள் தலையில்தான் விழும். விற்பவர்களும் ஓதத்தைப் புட்டி போட்டு மறைக்க வேண்டாம். சொல்லி விலையைக் குறைத்தால் அன்றோடு முடியும். மறைத்தால் வழக்கு வரைக்கும் இழுக்கும்.

வாட்டர்ப்ரூஃபிங், கரையான் மருந்து, மோட்டார், சோலார் இன்வெர்ட்டர் வாரண்டி கார்டுகளைப் பலர் கேட்பதே இல்லை. கேட்டு வாங்குங்கள். கார்டு பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால், புது உரிமையாளருக்கும் செல்லுமா என்று அந்தக் கம்பெனியிடம் கிரயத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பில் இல்லாமல் கார்டு மட்டும் கையில் இருந்தால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.