பழைய சைக்கிள் ரிம்மில் அடித்திருக்கும் அளவைப் படிப்பது எப்படி

பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ரிம் வாங்கும்போது "இருபத்தாறா, இருபத்தெட்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். இருபத்தாறு என்று சொல்லி விற்கும் ரிம்களில் குறைந்தது நான்கு அளவுகள் உண்டு. ஒன்றின் டயர் இன்னொன்றில் உட்காராது.

எண் பெரும்பாலும் வால்வு ஓட்டைக்குப் பக்கத்தில், ஹப்பைப் பார்த்த முகத்தில் அடித்திருக்கும். நம் ஊர் ஈரத்துக்கு அந்த இடம் துருவேறிக் கிடக்கும். மண்ணெண்ணெய் தடவி ஓர் இரவு ஊறவிட்டு, பித்தளை பிரஷ்ஷால் தேய்க்கவும். உப்புத்தாள் வேண்டாம், துருவோடு எழுத்தும் போய்விடும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மங்கிய எழுத்தும் நிழல் விழுந்து தெரியும்.

"28 × 1½" என்றிருந்தால், 28 அங்குலம் ரிம்மின் அளவு அல்ல. டயர் ஏற்றிய சக்கரத்தின் வெளிவிட்டம். 1½ டயரின் பருமன். மேலும் கீழுமாக இரண்டு பருமனைக் கழித்தால் 25 அங்குலம், அதாவது 635 மி.மீ. டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் விட்டம் இதுதான். நமக்கு வேண்டியதும் இதுதான். இதே கணக்கில் 26 × 1⅜ என்பது 590 மி.மீ., 26 × 1¼ என்பது 597, 26 × 1½ என்பது 584. ஆங்கிலேய ரிம்களில் 590க்கு இஏ3 என்றும் 597க்கு இஏ1 என்றும் குறி இருக்கும்.

இந்த 7 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 590 டயர் 597 ரிம்மில் ஏறாது. அதனால் தப்பு உடனே தெரிந்துவிடும். 597 டயரோ 590 ரிம்மில் சுலபமாக ஏறிவிடும். ஆபத்தே அங்கேதான்: காற்றடிக்கும்போது டயர் கழன்று டியூப் வெடிக்கும்.

கழித்தல் கணக்கு எல்லா இடத்திலும் சரிவராது. 27 × 1¼ ரிம்முக்கு 622 வரவேண்டும். உண்மையில் அது 630. 622 என்பது 700சி என்ற வேறொரு ரிம் அளவு. புள்ளி வைத்த எண்களும் வேறு குடும்பம்: 26 × 1.75 ரிம் 559 மி.மீ. ஆகவே 1⅜-ம் 1.375-ம் கணக்கில் ஒன்றானாலும் சக்கரத்தில் ஒன்றல்ல.

எழுத்து முழுக்க அழிந்திருந்தால் அளந்து பார்க்கவும். டயரையும் ரிம் டேப்பையும் கழற்றி, வெளிவிட்டத்தை இரண்டு திசையில் எடுங்கள். பழைய ரிம் சற்றுக் கோணியிருக்கும். இரண்டின் சராசரியிலிருந்து விளிம்பின் உள்ளுயரத்தை, அதாவது டயர் உட்காரும் இடத்திலிருந்து ரிம்மின் ஓரம் வரையுள்ள உயரத்தை, இருமுறை கழிக்கவும். வெளிவிட்டம் 602, விளிம்பு 6 என்றால் 590.

அளவு சரியென்றாலும் ரிம்மின் வடிவத்தைப் பாருங்கள். வெஸ்ட்வுட் ரிம்மின் ஓரம் உருண்டிருக்கும். கேபிளுக்குப் பதில் இரும்புத் தண்டால் இழுக்கும் கம்பி பிரேக்கின் கட்டைகள் அதன் உள்முகத்தை மேல்நோக்கி அழுத்தும். எண்ட்ரிக் ரிம்முக்குப் பக்கவாட்டு தட்டையாக இருக்கும். அது ரிம்மை இருபக்கமும் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் பிரேக்குக்கு உரியது. மாற்றிப் போட்டால் பிரேக் பிடிக்காது. ஸ்போக் ஓட்டைகளையும் எண்ணிவிடுங்கள்: பழைய ஆங்கிலேய சைக்கிள்களில் வழக்கமாக முன்னால் 32, பின்னால் 40.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் 37-590, 40-635 என்பதுபோல் இருக்கும் எண்ணில் இரண்டாவதைப் பாருங்கள், ரிம்மின் மி.மீ. அளவோடு அது ஒத்துப்போக வேண்டும். ஏற்றியதும் பாதிக் காற்று மட்டும் அடித்து, ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் அமுங்கியோ எழும்பியோ இருந்தால் காற்றை இறக்கி, கையால் சரிசெய்த பிறகே முழுக்க அடிக்க வேண்டும்.