பிக் சர் மாரத்தானுக்கு ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு போவது எப்படி

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் ஊரிலுள்ள எங்கள் ஓட்டக் குழு பிக் சருக்கு இரண்டு தடவை போய் வந்திருக்கிறது. வண்டி, வீடு, சாப்பாடு மூன்றும் என் பொறுப்பு. அதனால் "அக்கா, அந்த லிஸ்ட்டை அனுப்புங்க" என்று வருஷத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். இதோ அனுப்புகிறேன். ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுத எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு பந்தயம். கலிஃபோர்னியாவின் நெடுஞ்சாலை 1-இல், பிக் சர் காட்டுக்குள் தொடங்கி கடலோரமாக வடக்கே ஓடி கார்மெலில் முடியும். பில் பர்லி என்ற நீதிபதி அந்தப் பக்கம் வண்டியில் போகும்போது "கார்மெல் 26 மைல்" என்ற பலகையைப் பார்த்திருக்கிறார். மாரத்தானும் 26 மைல்தானே என்று அவருக்குத் தோன்ற, 1986-இல் முதல் பந்தயம் நடந்தது. எனக்கும் இந்த ஊரில் எத்தனையோ பலகைகள் கண்ணில் படுகின்றன. இந்த மாதிரி யோசனை ஒருநாளும் வந்ததில்லை.

இடம் பெரும்பாலும் குலுக்கலில்தான் கிடைக்கும். முதல் தடவை எங்களில் 14 பேர் பெயர் கொடுத்து 8 பேருக்குத்தான் விழுந்தது. மீதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். அதே நாளில் 21 மைல், 11 மைல் என்று குறைந்த தூரங்களும் உண்டு, நடந்தே போகலாம். எங்கள் குழுவில் கணவன்மார் இருவர் 11 மைல் நடந்துவிட்டு, முழுதும் ஓடிய மனைவிமாரைவிட அதிக போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

பதியும்போதே எல்லோரிடமும் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அந்தச் சாலை மலையைச் செதுக்கிப் போட்டது, மழைக்காலத்தில் சரியும். 2011-லும் 2024-லும் ராக்கி க்ரீக் அருகே சாலை இடிந்து, கார்மெல் பக்கத்திலிருந்து போய்த் திரும்புகிற ஓட்டமாக மாற்றினார்கள். பாதி வழியில் வருகிற பிக்ஸ்பி பாலம் வரை யாராலும் போக முடியவில்லை. பாலத்துக்காக மட்டுமே வருகிறேன் என்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பிறகு அவர் உங்களைத்தான் கேட்பார்.

தங்குவதற்கு மான்ட்ரேயும் கார்மெலும் அந்த வாரம் யானை விலை. மரீனா என்ற பக்கத்து ஊரில் (நம் சென்னை மெரினா இல்லை) ஒரு முழு வீடு எடுங்கள். பேருந்து ஏறுகிற மான்ட்ரே பக்கம்தான். எடுத்த பிறகு இரண்டாவதாக ஓர் இடத்தையும் மனதில் வைத்திருங்கள். முதல் வருஷம் பத்து நாள் இருக்கையில் வீட்டுக்காரர் ரத்து செய்துவிட்டார். அந்த இரவு நான் தூங்கவில்லை. வழி சுலபம்: நெடுஞ்சாலை 680, 101, கில்ராய் பூண்டு வாசனை, 156, காஸ்ட்ரோவில், பிறகு கடல்.

இனிப் பயிற்சி. இதை நிதானமாகப் படியுங்கள். எங்கள் குழு கோட்டை விட்டது இங்கேதான்.

எங்கள் சனிக்கிழமை ஓட்டம் அலமேடா க்ரீக் பாதையில். தோசைக்கல் மாதிரிச் சமதளம். அதில் 20 மைல் ஓடிவிட்டு எல்லோரும் தயார் என்று நினைத்தோம். மேடு இருக்கிறதே என்று பயந்தவர்கள் எங்கள் ஊர் மிஷன் பீக் மலையில் ஏறினார்கள். ஏறினோமே தவிர, இறங்கும்போது முட்டிக்குப் பயந்து எல்லோரும் கதை பேசிக்கொண்டு நடந்து வந்தோம். பிக் சரில் எங்களைப் படுக்க வைத்தது ஏற்றம் இல்லை, இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. நார்கள் நுண்ணிதாகக் கிழிகின்றன. மூச்சு சுகமாக இருப்பதால் அந்த நேரத்தில் தெரியாது. பத்து மைல் கழித்துத்தான் கணக்கு வரும். நல்ல சேதி என்னவென்றால், தசை ஒருமுறை பட்டால் ஞாபகம் வைத்துக்கொள்ளும். சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவு வலிக்காது.

அதனால் இரண்டாம் வருஷம் கயோட்டி ஹில்ஸ் என்ற குன்றுப் பூங்காவுக்கு மாறினோம். பே வியூ பாதை ஒரு சுற்று சுமார் மூன்றரை மைல், ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மதியத்துக்கு மேல் போனால் விரிகுடாக் காற்று முகத்தில் அறையும், அதுவும் வேண்டும். நாலு சுற்று. ஏற்றத்தில் பேசிக்கொண்டே போகிற வேகம், இறக்கத்தில் சின்னச் சின்ன அடியாக, பின்னால் சாயாமல், ஓடியே இறங்க வேண்டும். இதைப் பத்து வாரம் செய்யுங்கள். கடைசிக் கனமான இறக்கம் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால் முடிந்துவிடட்டும்.

சாப்பாட்டில் என் பேச்சுக்கு அப்பீல் கிடையாது. வெள்ளி இரவு எலுமிச்சைச் சாதம். சனி மத்தியானம் யார் எதை வேண்டுமானாலும் தின்னட்டும். சனி இரவு ஆறு மணிக்குள் தயிர்சாதமும் உருளைக்கிழங்கும்; சுண்டல், காரக்குழம்பு எல்லாம் ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு. பந்தயக் காலைக்கு ஆளுக்கு மூன்று இட்லி, நல்லெண்ணெயில் லேசாகப் பொடி தடவி, தாளில் சுற்றிப் பெயர் எழுதி வைப்பேன். கூடவே சின்னப் பையில் உப்பு நார்த்தங்காய்த் துண்டு. 18-ஆம் மைலில் ஜெல் (ஓடும்போது விழுங்குகிற இனிப்புக் கூழ்) தொண்டையில் இறங்காதபோது அதை வாயில் அடக்கிக்கொண்டால் உயிர் வரும். டாக்டர் சொன்னதில்லை, எங்கள் ஆத்தா சொன்னது.

சாலையை மூடிவிடுவதால் தொடக்கத்துக்குப் பேருந்தில்தான் போக வேண்டும், அதுவும் அதிகாலை நாலு மணி வாக்கில். வளைவு அதிகம், வயிறு புரட்டுகிறவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். போய் இறங்கி 6:45 வரை குளிரில் காத்திருக்க வேண்டும். பழைய துணிக்கடையில் நாலு டாலருக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிப் போட்டுக்கொண்டு, தொடக்கத்தில் கழற்றிவிடுங்கள். என் தோழி கணவரின் நல்ல ஸ்வெட்டரைப் போட்டு வந்துவிட்டு, கழற்ற மனம் வராமல் ஒன்பது மைல் இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினாள்.

முதல் ஐந்து மைல் ரெட்வுட் மரக் காட்டுக்குள் இறக்கம். கடிகாரம் உங்களைப் புகழும், நம்பாதீர்கள். மரங்கள் விலகியதும் வடமேற்குக் காற்று நேரே முகத்தில். இடப்பக்கம் கடல், தனியாக ஒரு பாறைமேல் பாயின்ட் சர் கலங்கரை விளக்கம். உயரமான ஆள் ஒருவர் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள், முறை வைத்து முன்னால் போங்கள். குழுவாக வந்ததற்கு இதுதான் பலன். பத்தாவது மைல் வாக்கில் ஜப்பானிய டைக்கோ முரசு கேட்கும். நம் ஊர்க் கோயில் கொடை நாள் ஞாபகம் வந்து கால் தானாக வேகம் பிடிக்கும். அடக்குங்கள். அங்கிருந்து ஹரிக்கேன் பாயின்ட் வரை இரண்டு மைலில் 500 அடி ஏற்றம். வேகத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஏறுங்கள். நடந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை.

உச்சியிலிருந்து பிக்ஸ்பி பாலம் வரை இறக்கம். 1932-இல் கட்டிய வளைவுப் பாலம், சரியாகப் பாதித் தூரம், அங்கே ஒருவர் பெரிய பியானோவை வைத்துக்கொண்டு கோட்டுப் போட்டு வாசிக்கிறார். முதல் வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பறந்து இறங்கினேன். 21-ஆம் மைலில் தொடை கல்லாகிவிட்டது. பியானோவுக்கு வட்டியோடு கட்டினேன்.

பாதிக்கு மேல் மேடு சின்னச் சின்னதாக ஓயாமல் வரும், கார்மெல் ஹைலண்ட்ஸ் பக்கம் இன்னும் மோசம். வளைவுகளில் சாலை ஒருபக்கம் சரிந்திருக்கும். சாலையின் நடுவே மேடான இடத்தில் ஓடினால் இடுப்பு பிழைக்கும். 23-இல் ஸ்ட்ராபெரி கொடுப்பார்கள், இரண்டு எடுங்கள். 25 தாண்டியும் ஒரு மேடு இருக்கிறது, முன்பே சொல்லிவிட்டேன். மொத்தம் ஆறு மணி நேரம்தான் அனுமதி. சமதள மாரத்தானில் ஆகிற நேரத்தைவிட எங்கள் ஆட்கள் பெரும்பாலோருக்கு இருபது நிமிடம் கூடியது. வழியில் குடும்பத்தார் வந்து நிற்க முடியாது. கார்மெல் முடிவிடத்தில் பாயும் தயிர்சாத டப்பாவுமாக இருக்கச் சொல்லுங்கள்.

திங்கள்கிழமைக்கு இப்போதே லீவு போடுங்கள். எங்கள் படுக்கையறை மாடியில். காபி குடிக்கக் கீழே வர எனக்குப் பத்து நிமிடம் ஆனது, அதுவும் பின்பக்கமாக.