குழந்தை விளையாடும்போது நாம் குறுக்கே போகிற இடங்கள்

ஒன்றரை வயதுக் குழந்தை சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து எவர்சில்வர் டப்பாக்களை உருட்டிக்கொண்டிருக்கிறது. சின்ன மூடியை எடுத்துப் பெரிய டப்பா மேல் வைக்கிறது, அது உள்ளே விழுந்து ‘டங்’ என்கிறது, எடுத்து மறுபடி வைக்கிறது, மறுபடி விழுகிறது. நாலாவது தடவை மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது நமக்குப் பொறுக்காது. “அப்படி இல்லடா தங்கம், இங்க பாரு” என்று சரியான மூடியை எடுத்து நாமே மூடிவிடுவோம். குழந்தை எழுந்து போய்விடும். எது பெரிசு, எது சிறிசு, கையை எப்படித் திருப்பினால் மூடி உட்காரும் என்று அது கண்டுபிடித்துக்கொண்டிருந்ததை நாம்தான் பாதியில் நிறுத்தினோம். பாசத்தோடு செய்வதால் இது தவறு என்றே தோன்றாது, அதனால்தான் முதலில் சொல்கிறேன்.

இன்னொன்று, கேள்வி கேட்டே துளைப்பது. “இது என்ன கலர்? எத்தனை இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தால் விளையாட்டு பரீட்சையாகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து, “பச்சை மேல சிவப்பை வச்சுட்டியா, அய்யோ ஆடுதே!” என்று அது செய்வதையே பேச்சாகச் சொல்லுங்கள், நிறத்தின் பெயரும் தானாகக் காதில் விழும்.

பொம்மையை வாங்கிக் குவிப்பதும் உதவாது. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018-ல் வந்தது: 16 பொம்மைகள் இருந்தபோது விளையாடியதைவிட, 4 மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்கள். மீதியைப் பரண் மேல் போட்டுவிட்டுக் கொஞ்ச நாள் கழித்து மாற்றிக் கொடுங்கள். பட்டனை அழுத்தினால் பாடுகிற பொம்மை பேச்சைச் சொல்லிக்கொடுக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். அது பாடும்போது நாம் வாயை மூடிக்கொள்கிறோம், பேச்சு வளர்வதோ நாம் பேச, குழந்தை மழலையில் பதில் சொல்ல, அந்தப் போக்குவரத்தில்தான்.

அப்புறம், இரண்டு வயதுக் குழந்தையிடம் “அக்காவோட சேர்ந்து விளையாடு, ஷேர் பண்ணு” என்று மிரட்டுவது. அந்த வயதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவது இயல்பு, குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த அமெரிக்கர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். சேர்ந்து விளையாடுவது மெல்ல வரும்.

வாக்கரில் உட்காரவைத்தால் சீக்கிரம் நடக்கும் என்பதும் தப்பு. தவழ்ந்து, எதையாவது பிடித்து எழுந்து, விழுந்துதான் கால் பழகும். விபத்துகள் காரணமாக கனடா 2004-ல் வாக்கர் விற்பனையையே தடை செய்தது.

பையன் சொப்புச் சாமான் எடுத்தால் சிலர் பிடுங்குகிறார்கள், எனக்கு ஆறவே ஆறாது. வெறும் கப்பை நீட்டி “காபி” என்றால், இல்லாத ஒன்றை மனதில் உருவாக்கி உங்களையும் அதற்குள் கூப்பிடுகிறான். ஊதிக் குடியுங்கள். சர்க்கரை பத்தலை என்று சொல்லிப் பாருங்கள், ஓடிப்போய்க் கொண்டு வருவான்!

யோசிக்காமல் குறுக்கே போகவேண்டிய இடமும் உண்டு. புளியங்கொட்டை, கோலிக்குண்டு, ரிமோட்டில் போடும் பொத்தான் பேட்டரி மாதிரி தொண்டையில் சிக்கக்கூடியது மூன்று வயதுக்குள் கையில் இருந்தால் உடனே வாங்கிவிடுங்கள். பேட்டரியை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே நேராக ஆஸ்பத்திரிதான், வெளியே வரும் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள்.