ஒரு காதில் மட்டும் பாட்டு கேட்கிறதா?

பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். மெஷின் ஓடும் நேரமெல்லாம் காதில் ஹெட்போன்தான். அதில் முதலில் போவது வயர்.

பாட்டை ஓடவிட்டு, ஜாக் (போனில் செருகும் முனை) பக்கத்தில் வயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் கோளாறு அங்கேதான். எங்கே வளைத்தாலும் ஊமையா? காது மூடியைத் திறந்து, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரால் ஸ்பீக்கரைத் தொடுங்கள். பெரும்பாலானவை 16 அல்லது 32 ஓமுக்குப் பக்கத்தில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஸ்பீக்கரே போச்சு, விட்டுவிடுங்கள்.

ஜாக்தான் என்றால் தர்மபுரி போகும்போது 3.5 எம்எம் ஜாக் ஒன்று வாங்கி வாருங்கள். மைக் உள்ளதற்கு நான்கு முனை ஜாக் வேண்டும். அது வேறு கதை.

பழையதை வெட்டியதும் புது ஜாக்கின் மூடியை முதலில் வயரில் கோத்துவிடுங்கள். ஈயத்தால் பற்றவைத்த பிறகு அது நுழையாது. உள்ளே மயிரிழை போன்ற வண்ணக் கம்பிகள், நடுவே வெள்ளை நூல். நூலை என் நூல் கட்டராலேயே நறுக்கிவிடுவேன். கம்பியின் வண்ணம் வார்னிஷ் பூச்சு. அது போகாமல் ஈயம் ஒட்டாது. 25 வாட் சால்டரிங் அயர்ன் (ஈயம் பற்றவைக்கும் கோல்) முனையில் ஈயத்துளி வைத்து, புகை வந்து கம்பி வெள்ளியாக மின்னும்வரை தேயுங்கள்.

ஜாக்கின் நுனிக்கு இடது காதுக் கம்பி, நடு வளையத்துக்கு வலது, அடிக்குச் செம்பு நிறக் கம்பிகள் இரண்டும். சிவப்பு பெரும்பாலும் வலதுதான், ஆனாலும் மீட்டரில் பார்த்துவிடுங்கள். கடைசியாக ஜாக்கின் பிடியை வெளி உறைமேல் இறுக்குங்கள். இழுவை கம்பிக்குப் போகாது.