பெண்கள் கல்லூரி பவுலிங்: அணி அமைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ, 2004ஆம் ஆண்டு முதல் பெண்கள் பவுலிங்குக்கு (கனமான பந்தை உருட்டி, எதிர்முனையில் நிற்கும் ‘பின்’ எனப்படும் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம்) தேசியப் பட்டம் வழங்கி வருகிறது. ஆண்களுக்கு அங்கே அத்தகைய பட்டமே கிடையாது. செலவு குறைவு என்று நம்பி இவ்விளையாட்டில் இறங்கும் கல்லூரிகள் பெரும்பாலும் முதலில் சறுக்குவது ஆள் தேர்வில்தான்.

உள்ளூர் மையங்களில் பந்து தானாகவே நடுவை நோக்கித் திரும்பும் வகையில் லேன் (பந்து உருளும் பாதை) மீது எண்ணெய் பூசப்பட்டிருக்கும், போட்டிக்குரிய பூச்சில் அந்த உதவி கிடைக்காது என்பதால், அங்கே எடுத்த உயர்ந்த புள்ளிச் சராசரியை மட்டும் வைத்து ஒரு மாணவியைச் சேர்ப்பது ஏமாற்றத்தில் முடியலாம். மேலும், கல்லூரிப் போட்டிகளில் முக்கியமான பேக்கர் முறையில் ஐவர் சேர்ந்து, ஃபிரேம் எனப்படும் பத்துச் சுற்றுகள் கொண்ட ஒரே ஆட்டத்தை ஆடுகிறார்கள்: முதலாமவருக்கு 1, 6 ஆகிய ஃபிரேம்கள், இரண்டாமவருக்கு 2, 7 என்று போய், ஐந்தாமவருக்கு 5, 10 வந்து சேரும். ஒரு முறை வீசிய பின் நான்கு ஃபிரேம்கள் காத்திருந்து, அதற்குள் தேய்ந்து நகர்ந்துவிட்ட எண்ணெயைக் கணித்து மறுபடி வீச வேண்டிய இடத்தில், சூடுபிடிக்க நேரம் எடுத்துக்கொள்பவர் திணறுவார். பத்தாவது ஃபிரேமில் மூன்று வீச்சு வரை கிடைக்கக்கூடும்; ஆகவே அந்த இடத்தைச் சராசரியில் முதலாவதாக நிற்பவருக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்காமல், தனித்து நிற்கும் ஒரு பின்னையும் பதறாமல் வீழ்த்துபவருக்குத் தருவதே என் கணிப்பில் சரி.

ஜாக்சன்வில் ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் முதல் பருவத்திலேயே 2024இல் பட்டம் வென்றதைக் காட்டி, யாரையாவது பயிற்சியாளராகப் போட்டுத் தொடங்கிவிடலாம் என்று எண்ணுவதும் தவறு. அந்த அணியின் பயிற்சியாளர் ஷானன் ஓ'கீஃப், அதற்கு முன்பே மெக்கெண்ட்ரீ பல்கலைக்கழக அணியைப் பட்டத்துக்கு அழைத்துச் சென்றவர்.

பணக் கணக்கில், என்சிஏஏவின் உயர்மட்டமான முதல் பிரிவில் உள்ள கல்லூரிகளுக்கு நெடுங்காலம் ஐந்து முழு உதவித்தொகைக்கு இணையான தொகையே உச்சவரம்பாக இருந்தது; அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். 2025–26 முதல் விளையாட்டு மாணவர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ‘ஹவுஸ்’ வழக்கின் சமரச ஒப்பந்தத்தை ஏற்ற கல்லூரிகளில் அந்த வரம்பு நீங்கி, அணியில் 11 பேர் என்ற வரம்பு வந்துள்ளது. உதவித்தொகையைத் தாராளமாக அறிவித்துவிட்டு லேன் வாடகையை மறப்பது இதில் மோசமான தவறு, ஏனெனில் சொந்த லேன் இல்லாத கல்லூரி, போட்டிக்குரிய எண்ணெய்ப் பூச்சோடு பயிற்சி நேரத்தை வணிக மையத்திடம்தான் பேசி வாங்க வேண்டும். ஒவ்வொருவரும் 16 பவுண்டு வரை எடையுள்ள பந்துகள் பலவற்றைச் சுமந்து செல்வதால், விமானப் பயணமென்றால் சுமைக் கட்டணத்துக்கும் தனியே ஒதுக்க வேண்டும்.