கன்னியாகுமரி–லே பயணம்: டயரை எங்கே மாற்றுவது?

பைக்கில் முதலில் தேய்வது பின் டயர்தான். லக்கேஜ் பாரமும் செயின் இழுப்பும் அதன் மேல்தான் விழுகின்றன. கிளம்பும் முன் அதன் நடுப்பட்டையில் பள்ளத்தின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். 8 மி.மீ. இருந்த டயர் 4,000 கி.மீ. ஓடி 5 மி.மீ. ஆகியிருந்தால், கணக்குப்படி, மாற்ற வேண்டிய அளவான 2 மி.மீ. வர இன்னும் 4,000 கி.மீ. ஆகும். வெயிலிலும் பாரத்திலும் அவ்வளவு வராது. கால் பங்கைக் கழித்து 3,000 என்றே வையுங்கள். அது ஏறக்குறைய சண்டிகர் வரைக்கும்தான். அங்கேயே மாற்றிவிடுங்கள், மணாலி தாண்டித் தேடாதீர்கள்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்குக்கு முன்னால் 90/90-21, பின்னால் 120/90-17. 21 அங்குல டயர் எல்லாக் கடையிலும் இருக்காது. ஒரு வாரம் முன்பே போன் செய்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் 2324 என்று இருந்தால் 2024-இன் 23-ஆவது வாரத்தில் தயாரானது.

டியூபும் புதிதாகவே போடுங்கள். பழையது விரிந்திருக்கும், புது டயருக்குள் மடிந்து, அந்த மடிப்பிலேயே கிழியும். டயரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையில் இருக்கட்டும். காற்றடித்ததும் வால்வைப் பாருங்கள்: சாய்ந்திருந்தால் டியூப் நகர்ந்திருக்கிறது. காற்றை இறக்கி நேராக்காவிட்டால் வால்வு அடியோடு பிய்ந்துவிடும்.

புது ரப்பர் முதல் 150 கி.மீ. வழுக்கும், வளைவில் சாய்க்க வேண்டாம். கையில் ஒரு 21 அங்குல டியூப் போதும்; அவசரத்துக்குப் பின் சக்கரத்திலும் போட்டு, அடுத்த பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டலாம்.